காலி பாட்டில் திரும்பிப் போகும் வழி

எங்கள் அம்மா வாழைக்குத் தண்ணீர் கட்டும்போது செருப்புப் போடமாட்டார். சேற்றில் செருப்பு நிற்காது. அதோடு, ஈரம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாதம் சொல்லிவிடும் என்பார். 2022 தை மாதம் ஒரு விடிகாலையில் மடையைத் திருப்பிவிட்டு இரண்டு எட்டு வைத்தவர் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். நான் டார்ச் எடுத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தால் சேறு முழுக்க ரத்தம். ஒரு குவார்ட்டர் பாட்டிலின் அடிப்பாகம் மண்ணுக்குள் புதைந்து, உடைந்த விளிம்பு மட்டும் மேலே நீட்டிக்கொண்டு இருந்தது.

ஆறு தையல். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் புண் ஆற இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அவர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான். "நம்ம ஊட்ல ஒருத்தரும் குடிக்கறதில்ல. அந்தப் பாட்டிலு எப்புடிம்மிணி நம்ம காட்டுக்குள்ள வந்துச்சு?"

எங்கள் தோட்டம் காரமடையிலிருந்து மேட்டுப்பாளையம் போகிற ரோட்டிலிருந்து மேற்கே கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. பாதி வாழை, பாதி கறிவேப்பிலை. தோட்டத்துக்கு வரும் இட்டேரியில் இரண்டு பக்கமும் வேலி, நல்ல நிழல். சாயங்காலம் ஆனால் வண்டியை நிறுத்திவிட்டு அங்கே உட்கார்ந்து குடிப்பவர்கள் உண்டு. குடித்து முடித்ததும் பாட்டில் வேலிக்கு இந்தப் பக்கம் வந்து விழும். மழை பெய்தால் வாய்க்காலோடு உள்ளே வரும். உழவு ஓட்டும்போது ரோட்டவேட்டரில் அடிபட்டு ஒன்று பத்தாகும். எங்கள் காட்டில் மட்டும் நடப்பதில்லை இது. கொங்கு நாட்டில் ரோட்டோரமோ வாய்க்கால் ஓரமோ பூமி வைத்திருக்கிற எவரைக் கேட்டாலும் இதே கதையைச் சொல்வார்கள்.

அம்மாவின் புண் ஆறி முடிந்த சமயத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. காட்டுக்குள் வீசப்படும் மது பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிப்பது பற்றிய வழக்கில், பாட்டில்களைத் திரும்ப வாங்க வழி செய்யச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் வற்புறுத்தியது. 2022 மே மாதம் நீலகிரியில் டாஸ்மாக் அதை ஆரம்பித்தது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொள்வார்கள். பாட்டிலில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். காலி பாட்டிலை ஸ்டிக்கரோடு திருப்பித் தந்தால் அந்த 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும். அப்புறம் கோவை, பெரம்பலூர் என்று மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது.

யானையின் உள்ளங்காலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவ்வளவு எடையைத் தாங்குகிற அந்தக் காலின் அடியில் மெத்தை மாதிரி ஒரு கொழுப்புத் திண்டு இருக்கிறது. அதில் கண்ணாடி ஏறிவிட்டால் நடக்க நடக்க உள்ளே இறங்கும். வெளியே எடுத்துவிட ஆள் கிடையாது. சீழ் வைத்து, நடக்க முடியாமல், மேய முடியாமல் போய்விடும். ஆறு தையல் போட்டுக்கொள்ள முடிந்த அம்மாவே இரண்டு மாதம் படுத்தார். கல்லாறு பக்கம் ராத்திரி யானைகள் ரோட்டைக் கடப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த வழக்குச் செய்தியைப் படித்தபோது அழுதுவிட்டேன்.

திட்டம் வேலை செய்கிறதா என்று கேட்டால், செய்கிறது. நீலகிரியில் விற்ற பாட்டிலில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் திரும்பி வருவதாக டாஸ்மாக் தரப்பு நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது. எங்கள் இட்டேரியிலும் முழு பாட்டில்கள் கிடப்பது கண்ணுக்குத் தெரியும்படி குறைந்திருக்கிறது. முன்பெல்லாம் குடித்த கையோடு கல்லில் அடித்து உடைப்பார்கள். இப்போது 10 ரூபாய் அந்தக் கையைப் பிடித்து நிறுத்துகிறது. நான் இதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆதரிப்பதால்தான் இதில் எங்கே கோளாறு என்று நாலு வருஷமாகக் கவனித்துக்கொண்டும் இருக்கிறேன்.

பங்காளி முறையில் எனக்கு அண்ணன் ஒருவர் மதுக்கடையில் சேல்ஸ்மேனாக இருக்கிறார். ஒரு விசேஷத்தில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தபோது, "ஏனுங்ணா, பாட்டில் திருப்பி வாங்கறது நல்லாப் போகுதுங்களா?" என்று கேட்டேன். இலையில் இருந்து கையை எடுத்துவிட்டு அவர் பேச ஆரம்பித்தார்.

"அம்மிணி, நீ சொல்றது நல்ல காரியந்தான், நா இல்லேங்கல. ஆனா ராத்திரி ஒம்பதரைக்குக் கூட்டம் நெரிக்கிறப்ப ஒருத்தரு நாலு காலி பாட்டில நீட்டுவாரு. ஸ்டிக்கர் இருக்குதா, எங்க கடை ஸ்டிக்கர்தானா, வாய் ஒடஞ்சிருக்குதான்னு ஒவ்வொண்ணாப் பாக்கோணும். பின்னால நிக்கறவரு சத்தம் போடுவாரு. சில்லறை பத்தாது. வாங்குன பாட்டில வெக்க எடம் ஏது? பத்துக்குப் பத்து ரூமு. சரக்குப் பெட்டியே முட்டுது. மீதிச் சரக்கு அடியில நாறி ஈ மொய்க்கும். விக்கறதுக்கு ஒரு சம்பளம். திரும்ப வாங்கறதுக்கு? அதே சம்பளந்தான்."

சொல்லிவிட்டு வலது கைக் கட்டைவிரலைக் காட்டினார். வாய் உடைந்த பாட்டில் கிழித்த தழும்பு, அம்மாவின் பாதத்தில் இருப்பது மாதிரியே.

2025-இல் திட்டத்தை மாநிலம் முழுக்க விரிக்க ஆரம்பித்தபோது டாஸ்மாக் ஊழியர் சங்கங்கள் போராட்டத்தில் இறங்கின. பாட்டில் வாங்க வேறு ஆள் போடுங்கள், தனி இடம் கொடுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. செய்தியைப் பார்த்த பலர், வேலை செய்ய வலிக்கிறது என்று அவர்களைத் திட்டினார்கள். அண்ணனின் கட்டைவிரலைப் பார்த்திருந்ததால் எனக்குத் திட்ட மனது வரவில்லை.

அண்ணனிடம் பேசிவிட்டு வந்த அன்று ராத்திரி எனக்கு அப்புச்சியின் பொட்டிக்கடை ஞாபகம் வந்தது. அம்மாவின் அப்பா. அன்னூர் பக்கம் ஒரு கிராமத்தில் 80-களில் கடை வைத்திருந்தார். கடை வாசலில் எப்போதும் மரப்பெட்டிகள் அடுக்கியிருக்கும். ஒரு பெட்டியில் 24 குழி, குழிக்கு ஒரு பாட்டில். கோல்ட் ஸ்பாட், லிம்கா, அப்புறம் பக்கத்து ஊரில் போடுகிற பன்னீர் சோடா, கோலி சோடா. கலர் குடிக்க வருபவர்கள் அங்கேயே நின்று குடித்துவிட்டுப் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டுமென்றால் பாட்டிலுக்கு அட்வான்ஸ். கோலி சோடாவுக்கு மட்டும் அட்வான்ஸ் கொடுத்தாலும் அப்புச்சி வெளியே விடமாட்டார். 1872-இல் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கின அமைப்பு அது. கழுத்துக்குள் கோலி நிற்கிற மாதிரி கனமான கண்ணாடியில் வார்த்த பாட்டில். உள்ளே இருக்கிற சோடாவைவிடப் பாட்டிலுக்கு விலை அதிகம்.

திட்டம், நீதிமன்றம், ஸ்டிக்கர் எதுவும் இல்லாமல் அந்த ஊரில் ஒரு பாட்டில்கூட வேலியில் கிடந்து நான் பார்த்ததில்லை. அந்தக் காலத்து மனிதர்கள் ஒழுக்கமானவர்கள் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சோடா வண்டி வாரத்துக்கு இரண்டு தடவை வரும். நிறைந்த பெட்டியை இறக்கிவிட்டு, காலிப் பாட்டில் இருக்கிற பெட்டியை அதே இடத்திலிருந்து அதே ஆள் ஏற்றிக்கொள்வார். எத்தனை காலி கொடுத்தாரோ அத்தனைக்குத்தான் அப்புச்சிக்குப் புதுப் பாட்டில். குறைந்தால் கைக்காசு. அதனால் ஒவ்வொரு பாட்டிலுக்கும் அவர் பொறுப்பு. குடித்துவிட்டுப் பாட்டிலோடு நகர்கிற சின்னப் பையனை, "தம்பி, பாட்டிலு!" என்று குரல் கொடுத்தே நிறுத்திவிடுவார். நிறைந்த பாட்டில் எந்த வழியாக வந்ததோ அந்த வழியாகவே காலிப் பாட்டில் திரும்பிப் போனது. அதற்கு வண்டி இருந்தது, குழி வைத்த பெட்டி இருந்தது, கணக்கு இருந்தது, வாங்கிவைப்பவருக்கு அதில் லாபமும் இருந்தது.

மதுக்கடைக்கு இன்று சரக்கு வருவது அட்டைப்பெட்டியில். 48 குவார்ட்டர் ஒரு பெட்டி. பிரித்தால் கிழியும், நனைந்தால் அடி கழன்றுவிடும். திரும்பி வருகிற பாட்டில் உட்கார அதில் குழி கிடையாது. சாக்கில் போட்டுக் கட்டுகிறார்கள். சாக்கைத் தூக்கிப் போடும்போது நாலு உடைகிறது. பாட்டில் டெபாசிட் பற்றிப் பேசுகிறவர்கள் குடிப்பவரின் மனநிலையைப் பற்றியே பேசுகிறார்கள். 10 ரூபாய் போதுமா, 20 வேண்டுமா என்று விவாதம் நடக்கிறது. 2025-இல் கேரளம் சோதனை முறையில் 20 ரூபாய் வைத்து ஆரம்பித்திருக்கிறது. தொகை முக்கியம்தான். ஆனால் கடைக் கவுண்டருக்கு உள்ளே நின்று பாட்டிலை வாங்குபவரின் இடம், நேரம், கூலி ஆகிய மூன்றையும் யாரும் கணக்கில் எழுதவில்லை என்பதுதான் என் வருத்தம்.

வெளிநாட்டு அனுபவத்தைத் தேடிப் படித்தபோதும் இதுவேதான் கண்ணில் பட்டது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் 1971-லேயே பாட்டில் டெபாசிட் சட்டம் போட்டது. பாட்டிலுக்கு 5 சென்ட். விலைவாசி ஏறிக்கொண்டே போக, 5 சென்ட் 5 சென்டாகவே இருந்தது. மக்கள் திருப்பித் தருவது 64 சதவீதத்துக்கு இறங்கியது. 2017-இல் அதை 10 சென்ட் ஆக்கியதும் 80-ஐத் தாண்டியது. தொகையைப் பற்றிய பாடம் அது.

எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது கலிபோர்னியா. அங்கே டெபாசிட்டும் இருந்தது, சட்டமும் இருந்தது. பாட்டிலை வாங்கிக்கொள்வது பெரும்பாலும் தனி மையங்களின் வேலையாக இருந்தது. பழைய பிளாஸ்டிக், அலுமினிய விலை விழுந்து, அரசு கொடுக்கும் தொகையும் போதாமல் போனபோது, மிகப் பெரிய மைய நிறுவனம் 2019 ஆகஸ்டில் தன் 284 மையங்களையும் ஒரே நாளில் மூடிவிட்டது. மக்கள் கடையில் டெபாசிட் கட்டிக்கொண்டே இருந்தார்கள். திருப்பிக் கொடுக்கப் போனால் கதவு பூட்டியிருந்தது. ஜெர்மனியில் 2003-இல் கொண்டுவந்த திட்டத்தில் ஒரு பாட்டிலுக்கு 25 யூரோ சென்ட். விற்கிற கடையே திரும்ப வாங்க வேண்டும் என்பது சட்டம். சூப்பர் மார்க்கெட் வாசலிலேயே இயந்திரம் வைத்திருக்கிறார்கள். அரிசி, பருப்பு வாங்கப் போகிறபோதே பாட்டிலையும் கொடுத்துவிட்டு வருகிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் திரும்பி வருகிறது. அப்புச்சி கடையில் நடந்ததும் இதுதான், இயந்திரத்துக்குப் பதில் அப்புச்சி நின்றார்.

தமிழ்நாட்டுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. 2003-இலிருந்து மாநிலத்தில் மது சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில். விற்பவர் ஒருவரே. எந்தக் கடைக்கு எத்தனை பாட்டில் போனது என்ற கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. உலகத்தில் டெபாசிட் திட்டம் நடத்துகிற பல இடங்களில் இந்த வசதி கிடையாது. சரக்கு இறக்குகிற லாரி கிடங்குக்குக் காலியாகத்தான் திரும்புகிறது. அந்த லாரியிலேயே குழி வைத்த பிளாஸ்டிக் பெட்டியில் காலிப் பாட்டிலை ஏற்றி அனுப்பினால் என்ன என்பதுதான் என் கேள்வி. பாட்டிலுக்கு இத்தனை பைசா என்று வாங்கிவைக்கும் ஊழியருக்குக் கொடுத்தால், அண்ணன் அப்புச்சி மாதிரியே, "தம்பி, பாட்டிலு!" என்று கூப்பிடுவார்.

காசு எங்கிருந்து வரும் என்றால், திரும்பி வராத பாட்டிலிலிருந்து. வராத ஒவ்வொரு பாட்டிலுக்கும் யாரோ ஒருவர் கட்டின 10 ரூபாய் எங்கேயோ இருக்கிறது. டெபாசிட் உள்ள எல்லா ஊரிலும் இந்தத் தொகையை வைத்து இழுபறி உண்டு. விற்பவரே அதை வைத்துக்கொண்டால், பாட்டில் திரும்பாமல் இருப்பதில் அவருக்கு லாபம் என்றாகிவிடும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அதில் பெரும்பகுதி மாசடைந்த இடங்களைச் சுத்தம் செய்யும் நிதிக்கும், ஒரு பகுதி திரும்ப வாங்குகிற கடைகளுக்கும் போகிறது. எங்கள் வாழைக்காட்டில் கிடக்கும் பாட்டிலுக்கான 10 ரூபாய், அதைப் பொறுக்குவதற்கே செலவாக வேண்டும் என்று நான் கேட்பது நியாயம்தானே.

மலையடிவாரத்தில் இருப்பதால் எல்லையில் நடப்பதையும் பார்த்தேன். நீலகிரியில் திட்டம் வந்து கோவைக்கு வராமல் இருந்த மாதங்களில், மேலே போகிற வண்டிகள் மேட்டுப்பாளையத்திலேயே வாங்கிக்கொண்டு ஏறின. ஸ்டிக்கர் இல்லாத பாட்டிலை மேலே எந்தக் கடையும் வாங்காது. அது குன்னூர் ரோட்டின் கொண்டை ஊசி வளைவுகளிலேயே விழும். ஒரு மாவட்டத்துக்கு மட்டும் திட்டம் போட்டால் அடுத்த மாவட்டத்துப் பாட்டில் அதை உடைக்கும். தண்ணீர் பாட்டிலும் அப்படித்தான். நீலகிரி 2019-இலேயே அதைத் தடை செய்து, காசு போட்டுத் தண்ணீர் பிடிக்கும் இயந்திரங்களை வைத்தது. சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள் என்று தெரிந்து, சுற்றுலா வருபவர்கள் அதற்கு முன்னாலேயே ஜன்னல் வழியாக வீசுவதை நானே பார்த்திருக்கிறேன். மேலே சுத்தமானது. கீழே எங்கள் ஊர் வாங்கிக்கொண்டது.

தண்ணீர், கூல்டிரிங்ஸ் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு இங்கே டெபாசிட் கிடையாது. 2019-இல் தமிழ்நாடு தண்ணீர் பாக்கெட்டைத் தடை செய்தபோதும் பாட்டில் தப்பிவிட்டது. அவற்றைச் சுமப்பது பொறுக்குகிறவர்கள்தான். எங்கள் பக்கம் ஒரு அக்கா விடியும் முன்பே சாக்கோடு வருவார். இரும்புக்கடையில் பிளாஸ்டிக்குக் கிலோவுக்கு இத்தனை, அட்டைக்கு இத்தனை என்று கணக்கு வைத்திருப்பார். கண்ணாடியை மட்டும் தொடமாட்டார். கனம் அதிகம், காசு கம்மி. ஸ்டிக்கர் பாட்டில் வந்ததும் அவர் முகமே மாறிவிட்டது. பத்து பாட்டில் கிடைத்தால் 100 ரூபாய். எனக்கு அந்தத் திட்டத்தில் பிடித்த காட்சி இதுதான். யாரோ வீசிய பாட்டிலை எடுத்துக்கொடுக்கிறவருக்கு முதல் தடவையாகக் கண்ணாடியில் கூலி கிடைக்கிறது. ஆனால் அவர் முப்பது பாட்டிலைச் சாக்கில் கொண்டுபோனால், எந்தக் கடையில் வாங்கினதோ அந்தக் கடையில்தான் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். முப்பது பாட்டிலும் மூன்று கடை ஸ்டிக்கர். ஒரு கடையிலிருந்து இன்னொன்றுக்கு நாலு கிலோமீட்டர். மழையில் நனைந்து ஸ்டிக்கர் உரிந்தவை அவர் சுமந்ததோடு சரி. எந்தக் கடைப் பாட்டிலையும் எந்தக் கடையிலும் கொடுக்கலாம் என்று ஆக்குவதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. எல்லாம் ஒரே நிறுவனத்தின் கடைகள்.

அப்புறம் உடைந்த பாட்டில். உடைந்ததற்குக் காசு கிடையாது. முழு பாட்டிலைக் கழுவித் திரும்ப நிரப்பலாம் என்பதால்தான் அதற்கு மதிப்பு. உடைந்ததை உருக்கத்தான் முடியும். கண்ணாடியை எத்தனை தடவை உருக்கினாலும் தரம் குறையாது, உலையில் பத்தில் ஒரு பங்கு பழைய கண்ணாடி சேர்த்தால் எரிபொருளும் இரண்டு மூன்று சதவீதம் மிச்சமாகும். ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு கண்ணாடி உலை வரைக்கும் அதைக் கொண்டுபோகிற லாரி வாடகைக்கு அந்த மிச்சம் போதாது. அதனால் காலைக் கிழிக்கிற பாட்டில் எதுவோ, அதற்கு மட்டும் இந்தத் திட்டத்தில் இடம் இல்லாமல் இருக்கிறது. கிலோவுக்கு ஒரு விலை வைத்து உடைந்த கண்ணாடியையும் வாங்க வேண்டும். திரும்பாத பாட்டில்களின் பணத்தை முதலில் இதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அம்மா இப்போதும் செருப்பில்லாமல்தான் தண்ணீர் கட்டுகிறார். சொன்னால் கேட்பதில்லை. அதற்குப் பதிலாக, உழவு ஓட்டின மறுநாள் வெயில் சாய்ந்து வரும்போது காட்டை ஒரு சுற்று சுற்றுகிறார். சாய்வெயிலில் கண்ணாடி மின்னும், அப்போதுதான் கண்ணுக்குப் படும் என்பார். முழு பாட்டில் கிடைத்தால் ஸ்டிக்கர் நனையாமல் திண்ணையில் எடுத்துவைத்து மறுநாள் அந்த அக்காவிடம் கொடுத்துவிடுவார். உடைந்ததை எல்லாம் பழைய பெயிண்ட் வாளி ஒன்றில் போட்டு மோட்டார் ரூமில் வைத்திருக்கிறார். இரும்புக்கடைக்காரர் வேண்டாம் என்றுவிட்டார். குப்பை வண்டியில் போட அம்மாவுக்கு மனது இல்லை, அதை அள்ளுகிறவர் கையும் கை தானே என்கிறார். முதல் வாளி நிறைந்து, போன ஐப்பசியில் இரண்டாவது வாளி வைத்தார். அதுவும் பாதிக்கு மேல் வந்துவிட்டது.